ஜெனிபா பெயர் எழுதிய சமையல் நோட்டு

எய்யா,

நீ வாங்கிவந்த நோட்டு பன்னிரண்டு நாளாகக் குசினி மேசையில் கிடக்கிறது. இருநூறு பக்கம், கோடு போட்டது, கெட்டி அட்டை. அட்டையில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் உன் கையெழுத்தில் கொட்டையாக ‘ஜெனிபா’ என்று எழுதியிருக்கிறாய். கோயில் ஞாயிறு பூசையில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த மறுநாள் சாயங்காலம், வேலையிலிருந்து வந்த வேகத்தில் அதை மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தாய். “எம்மா, நீ வைக்கிற குழம்பு, பொரியல், துவையல் எல்லாத்தையும் இதுல எழுதிருமா. அளவோட எழுது. அவ படிச்சுப் பழகிக்கிடுவா” என்றாய். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சரி என்று தலையை ஆட்டினேன். ஒன்றை அந்த நேரத்திலேயே மறுத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும். நீ ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாய். “அவளுக்கு நைட் ஷிப்ட் இருக்கிற வாரம்தான் கஷ்டம். பரவாயில்ல, காலையில வந்து சமைச்சு வச்சிட்டுப் படுத்துக்கிடுவா.”

அந்தப் ‘பரவாயில்ல’ யாருடைய பரவாயில்லை என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றுவிட்டு வருகிறவள் அவள். நீ உறங்கி எழுந்து குளித்து, கன்டெய்னர் யார்டுக்குக் கிளம்புகிறவன். முத்தையாபுரத்தில் உங்களுக்குப் பார்த்திருக்கும் வாடகை வீட்டில் காலை ஏழு மணிக்கு அடுப்பு முன்னால் யார் நிற்பது என்று நீ ஒருமுறை கூட யோசிக்கவில்லை. யோசித்து முடிவெடுத்திருந்தால் கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. உனக்கு அது யோசிக்கிற விஷயமாகவே படவில்லை. அதற்குப் பிறகு நாலு தடவை “எழுதிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டாய். நானும் முயன்றேன். முதல் பக்கத்தில் ‘நெத்திலிக் குழம்பு’ என்று தலைப்புப் போட்டு, உப்பு தேவைக்கு, புளி ஒரு எலுமிச்சை அளவு என்று எழுதினேன். கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பேசினால் வராதது எழுதினால் எனக்கு வரும். ஆகவே நீ வாங்கிக் கொடுத்த நோட்டிலேயே இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் மேசையில் திறந்தே வைக்கப் போகிறேன். ஜெனிபா படிக்கலாம். உன் அப்பாவும் படிக்கலாம்.

போன மாதம் நாள் குறிக்க மணப்பாட்டுக்குப் போனோமே, அந்த மத்தியானத்திலிருந்து தொடங்குகிறேன். ஜெனிபாவின் வீட்டில் உனக்காக அன்று காலையில் கரைக்கு வந்த காரல் மீனைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்திருந்தார்கள். உள்ளங்கை அளவு மீன், வெள்ளித் தகடு மாதிரி, உடம்பெல்லாம் முள். “சீலா மீனு எங்கன வேணும்னாலும் கிடைக்கும் மாப்பிள்ளை. காலையில புடிச்ச காரலு இங்கன வந்தாத்தான்” என்று அவளுடைய அப்பா தன் கையால் உன் தட்டில் மூன்று மீன் வைத்தார். நீ மீனைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் பிசைந்தாய். அவளுடைய அம்மாவுக்கு முகம் வாடிப்போயிற்று. “மாப்பிள்ளைக்குக் காரலு புடிக்காதோ?” என்று கேட்டார். உடனே உன் அப்பா சிரித்துக்கொண்டு, “அதெல்லாம் புடிக்கும். அவனுக்கு முள்ளு எடுக்க வராது. அவங்கம்மா எடுத்து எடுத்துக் குடுத்தே பழக்கிட்டா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சோறு வைக்க வந்த ஜெனிபா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உன் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள் எடுக்க ஆரம்பித்தாள்.

“ஏ, கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்டாட்டி ஆயிட்டாப்பா!” என்று அவளுடைய சித்தப்பா சத்தம் போட்டார். “இன்னும் ஓலையே வாசிக்கல, அதுக்குள்ளயா!” என்று இன்னொருவர். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன், எய்யா. ஆனால் என் கண் அவள் கையிலேயே இருந்தது. பெருவிரலால் மீனின் முதுகோரம் அழுத்தி, நடுமுள்ளை வாலிலிருந்து தூக்கி, சதையை வழித்துத் தட்டின் ஒரு மூலையில் வெள்ளையாகக் குவித்தாள். எந்தப் பக்கம் முள் கிடக்க வேண்டும், எந்தப் பக்கம் சதை குவிய வேண்டும் என்பது வரைக்கும் நான் செய்கிற மாதிரியே இருந்தது. நீ அவளுடைய அண்ணனிடம் யார்டில் வரும் பெட்டிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே அந்தக் குவியலிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாய். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தபோது என்னையும் நீ நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பி வரும்போது ஆறுமுகநேரி உப்பளத்துப் பக்கத்தில் உன் அப்பா, “நல்ல பிள்ளை. நம்ம வீட்டுக்கு ஏத்த பிள்ளை” என்றார். நீ முன் சீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாய்.

பழியை உன் மேல் மட்டும் போட எனக்கு நியாயம் இல்லை. உனக்கு நாலு வயதாக இருக்கும்போது சாளை மீன் முள் ஒன்று தொண்டையில் குத்திக்கொண்டது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சோற்றை உருட்டிக் கொடுத்தேன், வாழைப்பழம் கொடுத்தேன், இறங்கவில்லை. நீ எச்சில் வடிய அழுதாய். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இடுக்கி விட்டு அதை எடுத்துக் காட்டினார், ஒரு நகக்கண் நீளம் கூட இல்லை. வராந்தாவில் அத்தனை பேர் முன்னாலும் உன் அப்பா கத்தினார்: “ஏளா, பிள்ளைக்குச் சோறு குடுக்கக்கூடத் தெரியாதா ஒனக்கு?” அன்றிலிருந்து மீன் உன் தட்டுக்குப் போகும் முன் என் கைக்கு வந்தது. ஆறு வயதில் எடுத்துக் கொடுத்தேன், சரி. பத்து வயதில்? நீ மீசை வைத்து பைக் ஓட்டிக் காலேஜுக்குப் போனபோது? போன சனிக்கிழமையும் எடுத்துக் கொடுத்தேன். உனக்கு இருபத்து நாலு வயது. அது பயத்தில் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் பயம் போன பிறகும் ஏன் விடவில்லை என்று இந்தப் பன்னிரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் உட்கார்ந்தால்தான் என் பிள்ளை மீன் சாப்பிடுவான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது. உன்னை இந்தக் கடலோர ஊரில் பிறந்தும் மீன் சாப்பிடத் தெரியாதவனாக ஆக்கியது அந்தப் பெருமைதான்.

தெருமுனையில் மீன் விற்கும் அருளம்மாவை உனக்குத் தெரியும். தினமும் அவளுடைய அலுமினியச் சட்டியை ஒட்டித்தான் பைக்கை வளைக்கிறாய். இருபது வருடமாக அவளிடம் மீன் வாங்குகிறேன். முள் குறைந்ததாக ஒன்று வேண்டும் என்று நான் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்லுவாள்: “ஏளா, முள்ளு இல்லாத மீனு கடல்ல இன்னும் பொறக்கல. பொறந்ததும் மொத ஆளா ஒனக்குத்தான் சொல்லியனுப்புவேன்.” அவள் காரலைக் காட்டுவாள், நான் வேண்டாம் என்று பாறை மீனில் ரெண்டு துண்டு வாங்கி வருவேன். எனக்குக் காரல் என்றால் உயிர், எய்யா. இது உனக்குத் தெரியாது, தெரிய நான் வழி வைக்கவில்லை. மணப்பாட்டில் அன்று நான் ஐந்து மீன் சாப்பிட்டேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. உனக்குப் பதினாலு வயதில் ஒரு சனிக்கிழமை, எனக்குக் காய்ச்சல். நீயாகவே “நான் போய் மீன் வாங்கிட்டு வாரேம்மா” என்று பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனாய். அருளம்மா அன்று வரவில்லை என்று மார்க்கெட் வரைக்கும் போயிருக்கிறாய். ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் வியர்வையாக வந்து நின்றாய். ஒரு ஊளி மீனைத் தூக்கிக் காட்டி, “கண்ணு எப்படி மினுங்குது பாரும்மா” என்றாய். விற்றவன் தண்ணீர் தெளித்துத் தெளித்து அதை மினுங்க வைத்திருக்கிறான். செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சாம்பல் நிறம். வயிற்றை அழுத்தினேன், விரல் போன பள்ளம் அப்படியே நின்றது. ஐஸில் நாலு நாள் கிடந்த மீன். அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உன் விரலைப் பிடித்து அந்தச் செவுளைத் தூக்க வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஒன்னப் போயி அனுப்பினேன் பாரு” என்று சொல்லிவிட்டு, உன் கண் முன்னால் மீனைப் பின்வாசலில் பூனைக்கு எறிந்தேன். உன் அப்பா அதை ஒரு மாதம் வந்தவர் போனவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். “எம் மவன் பூனைக்கு ஊளி வாங்கிட்டு வாரான்.” அதற்குப் பிறகு நீ மார்க்கெட் பக்கம் போகவில்லை. நானும் அனுப்பவில்லை. நானே போனால் வேலை சுருக்காக முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை சுருக்காகத்தான் முடிந்தது. பத்து வருடமாக நான் மட்டும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. ‘ஏதாவது’. நாளைக்கு என்ன வைக்க என்று கேட்டால் உன் அப்பா டிவியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் “ஏதாவது வை” என்பார். நீ செருப்பை மாட்டிக்கொண்டே “ஏதாச்சும் வையிம்மா” என்பாய். உங்களுக்கு அது பெருந்தன்மை. நான் இதுதான் வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை பார் என்று நினைப்பு. பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போய் ஏதாவது ஒரு கிலோ போடுங்கள் என்று நான் சொல்ல முடியுமா? அருளம்மாவிடம் ஒருநாள் வயிற்றெரிச்சல் தாங்காமல் இதைச் சொன்னேன். “ஏதாவதா? அது கடல்ல எந்த மடையில மேயுதுன்னு கேட்டுச் சொல்லு. நாளைக்கே வலை போடச் சொல்லுதேன்” என்றாள். ரெண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தாநாள் கூட்டு வைத்த காயை இன்றைக்கு வைக்கக் கூடாது. அப்பாவுக்குப் புளி அதிகம் ஆகாது. வெள்ளிக்கிழமை கறி எடுக்க முடியாது. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, கட்டுமர மீன்தான் வரும், அதுவும் காலையில் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தேங்காய் ரெண்டு மூடி இருக்கிறது, மல்லித்தூள் தீரப்போகிறது, தயிர் இன்றைக்குள் செலவாக வேண்டும். குளிக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், பூசையில் முழங்கால் போட்டிருக்கும்போதும் இது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கையால் செய்யும் சமையல் ஒரு மணி நேரம். தலையால் செய்யும் சமையலுக்கு மணியே கிடையாது. இதை அளவோடு எழுதித் தா என்று கேட்கிறாய். எத்தனை கரண்டி என்று எழுத?

உனக்குச் சாப்பாட்டின் அழகு தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பெரிய விளமீனாக ஒன்று வாங்கிக்கொண்டு பத்தரை மணிக்கு வருவார். “ஏளா, இத வெட்டு. இன்னைக்கு நான் சமைக்கேன்” என்பார். செதில் சீவி, குடல் எடுத்து, கழுவி, துண்டு போட்டு, மசாலா அரைத்து, வெங்காயம் அரிந்து வைப்பேன். அவர் வந்து கரண்டி பிடிப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும், குழம்பு நன்றாகத்தான் இருக்கும். நீ தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், எலுமிச்சைத் துண்டை இப்படி வைத்து அப்படி வைத்து, வெளிச்சம் குழம்பின் எண்ணெய் மேல் விழும்படி தட்டைத் திருப்பிப் படம் எடுப்பாய். என் தங்கை ஒருநாள் அவளுடைய போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். கீழே ‘அப்பா கைப்பக்குவம்’ என்று போட்டிருந்தாய். படம் அழகாக இருந்தது. சிவந்த குழம்பும், பொரிந்த கறிவேப்பிலையும், தட்டின் வெள்ளையும், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எனக்குப் பொறாமை இல்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். பொறாமைதான். அந்தப் படத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, செதில் ஒட்டிய கையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

நம் மில்லர்புரத்துத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று, நம் வாசலின் மேல்படி வரை ஏறிய அந்த மழை நினைவிருக்கிறதா? நாலு நாள் கடை இல்லை, பால் இல்லை, காய் இல்லை. மேல் அலமாரியில் அரை மூட்டை அரிசி, கொஞ்சம் பருப்பு, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு, மாங்காய் வற்றல், ரெண்டு தேங்காய், நாலு உருளைக்கிழங்கு. இவ்வளவுதான். முதல் நாள் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். மறுநாள் கஞ்சி, சுட்ட மிளகாய் வைத்து அரைத்த துவையல். மூன்றாம் நாள் மாங்காய் வற்றல் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. நாலாம் நாள் கடைசித் தேங்காயில் பால் எடுத்து உருளைக்கிழங்குச் சொதி. ஒரு வேளைக்கு வந்த ருசி அடுத்த வேளைக்கு வரக் கூடாது என்று ஒரு பிடிவாதம் எனக்கு. எதை முதலில் செலவழிப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது, காரத்துக்குப் பின் எது வந்தால் வாய்க்கு இதமாக இருக்கும் என்று ஒவ்வொன்றையும் யோசித்து வைத்தேன். அந்த நாலு நாளும் நீ மாடியில் நின்று தண்ணீரைப் படம் எடுத்தாய். வேளைக்குக் கீழே இறங்கி வந்து சாப்பிட்டுவிட்டு ஏறினாய். நான் செய்ததைக் கலை என்று சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு சொல் அகப்படவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் அந்த நாலு நாளைத்தான் சொல்லுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் நிறையப் படிக்கிறவள், உனக்குத் தெரியும். நூலகத்துப் புத்தகத்தில் மஞ்சள் கறை பட்டதற்கு நீயே கேலி செய்திருக்கிறாய். எத்தனையோ நாவல்களில் விருந்து வரும், பக்கம் பக்கமாக வரும். ஆவி பறக்கும், மணம் வீசும். அந்த வீட்டில் உப்பு தீர்ந்துபோனதை முதலில் கவனித்தது யார் என்று ஒரு வரி வருகிறதா என்று தேடிக்கொண்டே படிப்பேன். அதிகம் அகப்பட்டதில்லை.

இப்போது நேற்று முன்தினம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வேலைக்குப் போன பிறகு ஜெனிபா வந்திருந்தாள். அவளுக்கு அன்று லீவு. கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் அளவு கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். குசினியிலேயே உட்காரச் சொல்லி டீ போட்டேன். நோட்டை நான் எடுத்து ஒளித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். திறந்து வெறும் பக்கங்களைப் புரட்டினாள்.

“இது என்ன அத்தை, என் பேரு போட்டிருக்கு?”

“என் சமையலை எழுதித் தரச் சொல்லி அவன்தான் வாங்கி வச்சான். நீ படிப்பியாம்.”

அவள் நோட்டை மூடினாள். பிறகு சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். “அத்தை, நான் மணப்பாட்டுப் பிள்ளை. எனக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாதுன்னு அவுகளுக்கு யாரு சொன்னா?”

டீயை ஆற்றினேன்.

“எனக்கு எங்கம்மா குழம்பு தெரியும். அதத்தான் வைப்பேன். உங்க குழம்பு வேணும்னா, வேணுங்கிறவுக படிக்கட்டும்.” இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “கோவிச்சுக்கிடாதீங்க அத்தை.”

“நான் கோவிக்கல. அன்னைக்கு ஒங்க வீட்டுல அவனுக்கு முள்ளு எடுத்துக் குடுத்தியே, அது மட்டும் எதுக்கு?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “எல்லாரும் சிரிச்சாங்களா, அவுக மூஞ்சி சின்னப் பிள்ள மூஞ்சி மாதிரி ஆயிட்டு. பாவமா இருந்துச்சு. அதான் எடுத்தேன்.” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஒரு நாளைக்குப் பாவமா இருக்கும் அத்தை. தினமும்னா கோவம்தான் வரும். வார்டுல நின்னுட்டு வந்து நான் கோவத்துல சமைச்சா, அத அவுக சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டா என்ன?”

டீயை முழுக்கக் குடிக்காமல் எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, “நான் இப்படிச் சொன்னேன்னு அவுககிட்டச் சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிடுதேன்” என்றாள். நான் சரி என்றேன். அந்த வாக்கை இப்போது மீறுகிறேன். அவள் உன்னிடம் சொல்லப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் ‘நானே சொல்லிக்கிடுதேன்’ என்று ஒரு காலம் இருந்தது. பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்தார்கள். சொல்லலாம் சொல்லலாம் என்று இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. சொல்லாததெல்லாம் கரண்டியைப் போடும் சத்தத்தில்தான் வெளியே வருகிறது. நீயும் அப்பாவும் அந்தச் சத்தம் கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். முத்தையாபுரத்து வீட்டிலும் அதே சத்தம் கேட்க வேண்டுமா? அந்தப் பெண்ணுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது, எய்யா. உன்னைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் மாறுவதை நான் கேட்டேன். ஒவ்வொரு நாளும் ஒரு தட்டுச் சோற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோவதை நான் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் வந்து தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசிப்பார். ரெண்டு வாரமும் அந்த வரி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ஒரு தடை இருக்கிறது. அதைக் கோயிலில் எழுந்து சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன். இருபத்து நாலு வயதில் தன் மீனுக்கு முள் எடுக்கத் தெரியாத ஒருவனை, தூக்கம் கெட்டு வேலை பார்க்கும் ஒருத்தியிடம் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை. இந்தத் தடையை நீக்க வேண்டியவர் சாமியார் இல்லை.

அட்டையிலிருந்து ஜெனிபா பெயரை எடுத்துவிட்டேன். வெந்நீரில் நனைத்துச் சுரண்டியதில் சீட்டு கொஞ்சம் கிழிந்தது. அதே இடத்தில் புதுச் சீட்டு ஒட்டி உன் பெயரை எழுதியிருக்கிறேன். முன்னால் சில பக்கங்களை இந்தக் கடிதம் எடுத்துக்கொண்டது, மிச்சம் அப்படியே இருக்கிறது. நான் ஒரு வரி கூட எழுதித் தர மாட்டேன். நான் செய்யும்போது பக்கத்தில் நின்று, கேட்டு, கையால் தொட்டுப் பார்த்து, நீ எழுது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தட்டைத் திருப்பத் தெரிந்த கண் உனக்கு இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு மீன் செவுளின் சிவப்பும் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் நான் காட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நாளை உனக்கு மதிய ஷிப்ட். ஏழு மணிக்கு அருளம்மா வந்துவிடுவாள். பை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் கூட வருவேன், ஆனால் பையை நீதான் பிடிக்க வேண்டும், மீனை நீதான் பொறுக்க வேண்டும். அவள் உன்னைக் கேலி செய்வாள். “ஏலே, வாடா மாப்பிள்ளை, பூனைக்கா வீட்டுக்கா?” என்று கேட்டாலும் கேட்பாள், அந்த ஊளிக் கதையை உன் அப்பா அவளிடமும் சொல்லியிருக்கிறார். பொறுத்துக்கொள். கெட்ட மீனாக எடுத்தால் அதை நான் எறிய மாட்டேன், என்ன கெட்டது என்று காட்டுவேன்.

காரல் வாங்குவோம். மத்தியானம் நீ ஷிப்டுக்குக் கிளம்பும் முன் குழம்பு உன் தட்டில் முள்ளோடு இருக்கும். நான் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். எதிரே உட்கார்ந்து என் மீனைச் சாப்பிடுவேன், வேண்டுமானால் என் கையைப் பார்த்துக்கொள். தொண்டையில் ஒன்று மாட்டினாலும் பயப்படாதே, சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கு. மேசையில் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா